கோடிட்ட இடத்தை ஊர் நிரப்பட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மேம்பாலத் தூண், பள்ளி மதில், ரயில் நிலையம், பொதுக் கழிப்பறை என்று ஓவியம் ஏறாத பொதுச் சுவரே இன்று தமிழ்நாட்டில் குறைவு. ஜல்லிக்கட்டுக் காளை, பரதம் ஆடும் பெண், மயில், திருவள்ளுவர். கொஞ்சம் தள்ளி ‘குப்பை கொட்டாதீர்’. சுவரொட்டிக்கு இது எவ்வளவோ மேல், மறுக்கவில்லை. ஆனால் எந்தப் படம் வேண்டும் என்று அந்தத் தெருக்காரர் ஒருவரையாவது கேட்டிருப்பார்களா? டெண்டரில் சதுர அடிக்கு இவ்வளவு என்று விலை இருக்கும். கேட்பதற்கு என்று ஒரு வரி இருக்காது.

2020 தொடக்கத்தில் சென்னை கண்ணகி நகரின் அடுக்குமாடிச் சுவர்களில் மாநகராட்சியும் ஸ்டார்ட் இந்தியா என்ற தெருக்கலை அமைப்பும் சேர்ந்து பெரிய ஓவியங்களைக் கொண்டுவந்தன. நகரின் நடுவிலிருந்து பெயர்த்துக் கொண்டுபோய் விடப்பட்டவர்கள் வாழும் இடம் அது. குற்றச் செய்திக்காக மட்டும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தவர்கள் படம் பார்க்கவும் போனார்கள். நல்ல விஷயம்தான். அதற்கு அடுத்த படியைப் பற்றியே இந்தக் கடிதம்: வரப்போகும் நாள் எப்படி இருக்க வேண்டும் என்பதைச் சுவரில் ஊரே எழுதுவதும் வரைவதும். நல்லெண்ணம் மட்டும் இருந்தால் இது நடக்காது, முறை தெரிய வேண்டும். செய்ய நினைக்கும் ஊராட்சிகள், பள்ளிகள், குடியிருப்போர் சங்கங்களுக்குப் பயன்படட்டும் என்று அந்த முறையை விரிவாகவே எழுதுகிறோம்.

இதில் எளியது கரும்பலகைச் சுவர். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் 2011-இல் கேண்டி சாங் என்ற கலைஞர், கைவிடப்பட்ட ஒரு வீட்டின் பக்கவாட்டில் கரும்பலகைப் பெயின்ட் அடித்து, ‘சாவதற்குள் நான்…’ என்று தொடங்கும் ஒரே வாக்கியத்தை வரிவரியாக அச்சிட்டு, மீதியைக் கோடிட்ட இடமாக விட்டார். பக்கத்தில் சாக்பீஸ் வைத்தார். மறுநாளே சுவர் நிரம்பிவிட்டது. பிறகு 70-க்கும் மேற்பட்ட நாடுகளில் அதே போன்ற சுவர்களை அந்தந்த ஊர்க்காரர்கள் தாங்களே செய்துகொண்டார்கள். வீட்டுக்காரர், அக்கம்பக்கத்தார், பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் ஆணையம் என்று எல்லாரிடமும் சாங் முன்கூட்டியே அனுமதி வாங்கினார் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

அதை அப்படியே இங்கே கொண்டுவந்தால் இரண்டு இடத்தில் இடறும். முதலாவது, தெரு முனையில் ‘சாவதற்குள்’ என்று கொட்டை எழுத்தில் எழுத நம் ஊரில் எந்த வீட்டுக்காரரும் இடம் தர மாட்டார். அதில் அவரைக் குறை சொல்லவும் முடியாது. இரண்டாவது இலக்கணம். ஆங்கிலத்தில் தொடக்கத்தை அச்சிட்டுக் கடைசியைக் காலியாக விடலாம். தமிழில் வினை கடைசியில் வரும். காலியிடத்தை முதலில் விட்டு, முடிவை அச்சிட வேண்டும். ‘2035-இல் நம்ம தெருவில்’ என்று மேலே ஒரே ஒரு தலைப்பு. கீழே ஒவ்வொரு வரியிலும் இடப்பக்கம் கோடு, வலப்பக்கம் ‘இருக்கும்’.

அந்த ஒற்றை வினைச்சொல்லைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வேலை. ‘வேண்டும்’ என்று போட்டால் சுவர் மனுநீதி நாள் ஆகிவிடும்: தண்ணீர் வேண்டும், ரோடு வேண்டும், லைட் வேண்டும். நியாயமான கோரிக்கைகளே, ஆனால் அவற்றுக்கு ஏற்கெனவே மனு இருக்கிறது. ‘கூடாது’ என்று போட்டால் வசவு மட்டும் சேரும். ‘இருக்கும்’ என்று முடியும்போது எழுதுகிறவர் ஒரு நொடி நின்று, இல்லாத ஒன்றைக் கண்முன் கொண்டுவர வேண்டியிருக்கிறது. ‘பாட்டிங்க உக்கார ஒரு திண்ணை’ போன்ற பதில் அந்த நிற்றலில்தான் வரும். சிலர் ‘இருக்கும்’ என்பதை அடித்துவிட்டுத் தங்கள் வினையைப் போடுவார்கள். போடட்டும்.

அளவுக்கு வருவோம். எட்டுக்கு நாலு பிளைவுட் மூன்றைப் படுக்கை வாட்டத்தில் அடுத்தடுத்து வைத்தால் 24 அடி நீளம், 4 அடி உயரம். தண்ணீர் தாங்கும் ரகமாக 12 மில்லிமீட்டர் பலகை போதும். பலகையின் அடிவிளிம்பு தரையிலிருந்து 2 அடி. அதன் கீழ்ப்பகுதி ஓர் அடியைக் கோடு போடாமல் சின்னப் பிள்ளைகள் கிறுக்க விட்டுவிடுங்கள். மீதி 3 அடியில் 4 அங்குலத்துக்கு ஒரு வரி, ஆக 9 வரி. ஒவ்வொரு பலகையிலும் 4 அடி அகலத்தில் இரண்டு பத்தி. மொத்தம் 54 கோடிட்ட இடங்கள். 4 அடியில் இரண்டரை அடி கோட்டுக்கு, ஓர் அடி ‘இருக்கும்’ என்பதற்கு, மீதி இடைவெளி. கோட்டை இதைவிடக் குறுக்காதீர்கள். சாக்பீஸில் நின்றபடி எழுதும் தமிழ் எழுத்து இடம் கேட்கும்.

நேரே சுவரிலேயே அடிக்கலாமே என்று கேட்பார்கள். ஓதம் ஏறும் சுவரில் ஆறே மாதத்தில் உப்புப் பூத்துப் பெயின்ட் செதில் செதிலாக உரியும். சந்தேகம் இருந்தால், ஓர் அடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளின் நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு ராத்திரி சுவரில் விடுங்கள். காலையில் உட்புறம் நீர் முத்துக்கட்டியிருந்தால் அந்தச் சுவர் வேண்டாம், பலகைதான். பலகையைச் சுவரோடு அப்பாமல் ரீப்பர் கட்டை அடித்து அதன் மேல் திருகினால் பின்னால் காற்று போகும். இரண்டு பலகைக்கு நடுவே 3 மில்லிமீட்டர் சந்து விடுங்கள். பலகை ஊறுவது முகத்தால் அல்ல, வெட்டு விளிம்பால். ஆகவே பிரைமரை முதலில் விளிம்புகளுக்கு அடியுங்கள்.

96 சதுர அடிக்குக் கரும்பலகைப் பெயின்ட் இரண்டு கோட்டு (பூச்சு) அடிக்க 2 லிட்டர் பிடிக்கும். கிடைக்காத ஊரில் பளபளப்பில்லாத கறுப்பு எமல்ஷன் ஒரு லிட்டருக்கு, மணல் கலக்காத டைல்ஸ் சந்துப்பொடி (கிரவுட்) 8 மேசைக்கரண்டி கட்டியில்லாமல் கலக்கலாம். அந்தச் சொரசொரப்பு இல்லாவிட்டால் சாக்பீஸ் வழுக்கும். கலந்ததை அன்றைக்கே அடித்து முடிக்க வேண்டும், மறுநாள் அது கல். மூன்று நாள் காயவிட்டு, சாக்பீஸைப் படுக்கவைத்துப் பலகை முழுக்கத் தேய்த்துத் துடையுங்கள். இதை விட்டுவிட்டால் முதல் ஆள் எழுதியது எத்தனை முறை துடைத்தாலும் ஆவி மாதிரி தெரிந்துகொண்டே இருக்கும். ஊமத்தை இலையும் அடுப்புக்கரியும் அரைத்துப் பள்ளிக்கூடப் பலகையில் பூசிய தலைமுறைக்கு இதெல்லாம் புதிதல்ல.

‘இருக்கும்’ என்பதை அச்சிட வெட்டுத்தகடு (ஸ்டென்சில்) வேண்டும். பழைய ஃப்ளெக்ஸ் பேனர் அதற்கு அருமையான பொருள் (வேறெதற்கு உதவும் அது!). வெட்டும்போது கவனம்: தமிழ் எழுத்தில் சுழி அதிகம். ‘இ’, ‘ரு’, ‘க்’, ‘கு’ எல்லாவற்றிலும் மூடிய வளையம் இருப்பதால் அப்படியே வெட்டினால் உள்வட்டம் கழன்று விழுந்து எழுத்து வெள்ளைப் பொட்டாகிவிடும். ஒவ்வொரு வளையத்துக்கும் கால் அங்குலப் பாலம் ஒன்றிரண்டு விட்டு வெட்டுங்கள். வெள்ளைப் பெயின்டைப் பிரஷ்ஷில் எடுக்காமல், ஸ்பாஞ்சில் தொட்டு, பழைய பேப்பரில் ஒற்றிவிட்டு, ஏறக்குறையக் காய்ந்த நிலையில் குத்துங்கள். ஈரம் அதிகமானால் தகட்டுக்கு அடியில் கசியும்.

எங்கே வைப்பது? ஜனம் கடந்து போகிற இடத்தைவிடக் காத்து நிற்கிற இடம் மேல்: ரேஷன் கடை, ஆரம்ப சுகாதார நிலையம், பேருந்து நிறுத்தம். டீக்கடைப் பக்கம் வைத்தால் ஆண்கள் மட்டும்தான் எழுதுவார்கள். தெருவிளக்கு இல்லாத இடத்தில் வைத்தால் வேலைக்குப் போய்த் திரும்பும் பெண்களுக்கு அது இல்லாத பலகை. சாக்பீஸுக்கு, பிவிசி குழாயை நீளவாக்கில் பிளந்து இரு முனையும் அடைத்து, அடியில் ஓட்டை போட்டு மாட்டுங்கள், மழைநீர் தேங்காது. 100 துண்டுப் பெட்டி முதல் வாரத்தில் தினம் ஒன்று போகும் என்றே கணக்கு வையுங்கள். எழுதித் தீர்வதைவிடச் சட்டைப்பையில் போவது அதிகம்.

இனி கெட்டுப்போகும் இடங்கள். முதல் நாள் யாரும் எழுத மாட்டார்கள், சுத்தமான பலகை பயமுறுத்தும். அதற்காகக் கவுன்சிலரைக் கூப்பிட்டுத் தொடங்கிவைத்தால் அடுத்த ஐம்பது வரியும் அவருக்கு நன்றி நவிலும். தமிழாசிரியரைக் கூப்பிட்டால் அவருடைய முத்தான கையெழுத்தைப் பார்த்து மற்றவர் கை பின்வாங்கும். இஸ்திரி வண்டிக்காரர், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர், பூக்கார அம்மா என்று நாலைந்து வரியைக் கோணல்மாணலாகவே தொடங்கவிடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்காக மாலை 5 முதல் 7 வரை ஸ்டூல் போட்டு ஒருவர் உட்கார வேண்டும். சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும். ‘தண்ணி லாரிக்குக் குடத்தோட ஓடாத காலை’ என்று ஒரு அம்மா சொன்னால் அதைத் ‘தடையற்ற குடிநீர் விநியோகம்’ என்று திருத்துகிறவரை ஸ்டூலிலிருந்து எழுப்பிவிடுங்கள்.

எதை அழிப்பது என்பதைத் தொடங்குமுன்பே முடிவுசெய்து, பலகை ஓரத்தில் எழுதியும் வைக்க வேண்டும். சாதிப் பெயர், தனிநபரை இழிவுசெய்வது, தொலைபேசி எண், இந்த மூன்றையும் கண்டவுடன் அழிக்கலாம். கட்சி முழக்கத்தை அடுத்த துடைப்பு வரை விட்டுவைத்தால் போதும், ஒன்றும் குடிமுழுகாது. காதல் அம்புகளும் இருந்துவிட்டுப் போகட்டும், அதுவும் எதிர்காலத்தைப் பற்றியதுதானே. அதிகாரிகளைக் குறைகூறும் வரியை மட்டும் எக்காரணம் கொண்டும் அழிக்காதீர்கள். ஒருமுறை அழித்தால் ஊருக்குச் செய்தி போய்விடும், மறுநாள் முதல் ‘வாழ்க’ தவிர எதுவும் வராது.

பலகை நிறைந்ததும் துடைக்க வேண்டும். அதற்கு முன் ஒரே இடத்தில் நின்று படம் எடுத்து, 200 பக்க நோட்டில் தேதி போட்டு வரிக்கு வரி எழுதிக்கொள்ளுங்கள். இந்த நோட்டு இல்லாத சுவர் வெறும் திருவிழா. மாதக் கடைசியில் நோட்டிலுள்ளவற்றை மூன்றாகப் பிரிக்கலாம்: தெருவே செய்துகொள்ளக்கூடியது, உள்ளாட்சி செய்ய வேண்டியது, இப்போதைக்கு யார் கையிலும் இல்லாதது. முதல் வகையில் ஒன்றை, ஒரு சிமென்ட் பெஞ்சோ இரண்டு வேப்பங்கன்றோ, அடுத்த முப்பது நாளுக்குள் செய்துவிட்டு, அந்த வரியை மஞ்சள் சாக்பீஸில் மறுபடி எழுதி ‘நடந்தது’ என்று போடுங்கள். இரண்டாவது வகையைக் கிராம சபைக்குக் கொண்டுபோகலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு சபை நடக்கிறது. அதற்கு மூன்று வாரம் முன்பு பலகையை வைத்தால் காலம் சரியாக இருக்கும். தீர்மானப் பதிவேட்டில் ஏறிய வரிக்கும் மஞ்சள் நிறம் கொடுக்கலாம். மூன்றாவது வகையைத் தூக்கிப் போடாதீர்கள், ஓவியத்துக்கு விதை அங்கேதான் கிடைக்கும்.

ஓவியம் என்றதும் ‘மக்களுக்கு வரையத் தெரியாதே’ என்ற பதில் வரும். மார்கழிக் காலையில் தெருவைப் பார்த்தவர் இதைச் சொல்லலாமா? 15-இல் தொடங்கி 8-இல் முடியும் ஊடுபுள்ளியை ஒருவர் வைத்துக் கொடுத்துவிட்டால் நாலு பேர் நாலு மூலையிலிருந்து இழுத்துக்கொண்டு வந்து நடுவில் சேர்ப்பார்கள். பொதுச் சுவருக்கும் இதே தந்திரம் உண்டு. பிலடெல்பியா நகரில் 1984-இல், சுவர்க் கிறுக்கலை ஒழிக்கத் தொடங்கிய திட்டத்தில் ஜேன் கோல்டன் என்ற ஓவியரைச் சேர்த்தார்கள். கிறுக்கிய இளைஞர்களையே அவர் சுவரோவியம் பக்கம் திருப்பினார். அந்தத் திட்டம் வளர்ந்து நகரெங்கும் ஆயிரக்கணக்கான ஓவியங்கள் ஆயின. அங்கே பெரும்பாலும் சுவரில் நேரடியாக வரைவதில்லை. மெல்லிய துணியில் படத்தைப் பகுதி பகுதியாகக் கோட்டில் எடுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் எந்த வண்ணம் என்று எண் போட்டு, பள்ளிக்கோ முதியோர் இல்லத்துக்கோ சிறைச்சாலைக்கோ அனுப்பிவிடுகிறார்கள். வண்ணம் நிரம்பி வந்த துணி சுவரில் ஒட்டப்படுகிறது. சாரம் ஏற முடியாதவரும், சிறைக்கு வெளியே வர முடியாதவரும் ஊர்ச் சுவரில் வரைந்தவர் ஆகிவிடுகிறார்.

துணியில்தான் நம் ஊரில் தவறு நடக்கும். கடைகளில் பை தைக்கும் நான்-ஓவன் துணியைக் கொடுத்துவிடுவார்கள். அது பாலிப்ரோப்பிலீன், அக்ரிலிக் பெயின்ட் அதில் பிடிக்காது. வேண்டியது பாலியஸ்டர் நான்-ஓவன், எம்பிராய்டரிக்கு அடியில் வைப்பது. அதிலும் இஸ்திரிபோட்டால் ஒட்டும் ரகத்தைத் தவிர்க்க வேண்டும். எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு துண்டைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிழிந்து காற்றை வெளியேற்றிவிட்டுக் கையை எடுங்கள். மேலே வந்தால் பாலிப்ரோப்பிலீன், அடியில் தங்கினால் பாலியஸ்டர்.

20 அடிக்கு 10 அடி ஓவியம் என்றால் 5 அடிச் சதுரத்தில் எட்டுத் துண்டு. அடியில் பிளாஸ்டிக் விரித்து, வெள்ளைப் பிரைமர் ஒரு கோட்டு அடித்துக் காயவைத்து, புரொஜெக்டரில் படத்தை விழவைத்துக் கோடு எடுங்கள். ஒரு துண்டைச் சுற்றி ஐந்து பேர் உட்காரலாம், ஆக ஒரே நேரத்தில் நாற்பது பேர். மூன்று மணி நேர அமர்வு இரண்டு போட்டால் வேலை முடியும். 12 முதல் 15 வண்ணம் போதும். ஒவ்வொன்றையும் ஒரே தடவையில் மொத்தமாகக் கலந்து, எண் ஒட்டிய ஐஸ்கிரீம் டப்பாக்களில் பிரித்துக் கொடுங்கள். பாதியில் தீர்ந்து மறுபடி கலந்தால் அதே நிறம் வராது, வானத்தின் நடுவில் தையல் போட்ட மாதிரி தெரியும். முடிந்த துணியைக் குறைந்தது மூன்று நாள் உலர்த்தி, நடுவே பிளாஸ்டிக் தாள் வைத்துச் சுருட்டுங்கள். ஈரக்காற்றில் அவசரப்பட்டுச் சுருட்டினால் முகமும் முகமும் ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது யாரோ ஒரு பிள்ளை வரைந்த கண் மறுபக்கத்தோடு போய்விடும்.

வண்ணத் தேர்வில் எந்த வெளிநாட்டுக் கையேடும் சொல்லாத ஒன்று இருக்கிறது. கறுப்பும் சிவப்பும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் ஒரு கட்சி, நடுவில் வெள்ளை புகுந்தால் இன்னொன்று. சில மாவட்டங்களில் இரண்டு நிறம் சேர்ந்தால் அது ஒரு சாதியின் கயிறு. வரைந்தவருக்கு இது தோன்றியே இருக்காது, ஆனால் திறந்த மறுநாள் தார் வீசப்பட்டிருக்கும். எனவே நிறப் பட்டியலை அந்த ஊர்க்காரர் நாலு பேரிடம் காட்டாமல் டப்பா திறக்காதீர்கள். பளிச்சென்ற ஒளிர்நிறங்கள் ஒரு கோடையைத் தாண்டாது. காவி, செம்மண் போன்ற இரும்பு ஆக்சைடு நிறங்கள் வெயிலில் நிற்கும்.

ஒட்டுவதற்கு மரவேலைக்கு வாங்கும் வெள்ளைப் பசை ஆகவே ஆகாது. மழை பட்டால் ஊறிக் குழகுழத்து, துணி தொட்டில் மாதிரி தொங்கும். கெட்டியான அக்ரிலிக் ஜெல் வேண்டும். 200 சதுர அடிக்கு 10 லிட்டராவது கையில் இருக்கட்டும். புதுப் பூச்சுச் சுவரானால் 28 நாள் ஆறவிட்டு, பிரைமர் அடித்து, சுவரிலும் துணியின் முதுகிலும் ஜெல் தடவி, நடுவிலிருந்து ஓரம் நோக்கி ரப்பர் பட்டையால் தள்ளுங்கள். ஒரு காற்றுக்குமிழி தங்கினால் அங்கேதான் அடுத்த வெயிலில் கொப்புளம். சுவரில் வெயில் விழுமுன் முடித்துவிடுங்கள், சூடேறிய சுவரில் ஜெல் ஆடை கட்டிவிடும். கடைசியாக மேலே ஒரு கோட்டு ஜெல்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பங்கேற்பு என்ற பெயரில் இலவச உழைப்பு வாங்குவது பரவிவருகிறது. லாஸ் ஏஞ்சலஸில் டுஹங்கா கால்வாய்ச் சுவரில் ஜூடி பாக்கா 1976 முதல் 1983 வரை ஐந்து கோடைகளில், ஏறக்குறைய அரை மைல் நீளத்துக்கு அந்த மண்ணின் வரலாற்றை வரையவைத்தபோது, வேலை செய்த 400-க்கும் மேற்பட்ட இளைஞர்களில் பலர் வழக்குகளில் சிக்கியவர்கள், ஏழை வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்குக் கூலி கொடுக்கப்பட்டது. ஒரு மாலை வந்து வண்ணம் நிரப்புகிறவருக்குத் தேநீரும் சுண்டலும் போதும். பத்து நாள் துணி ஒட்டுகிறவருக்கும், தினம் ஸ்டூலில் உட்கார்ந்து எழுதிக் கொடுக்கிறவருக்கும் நாள் கூலி தர வேண்டும்.

அனுமதி விஷயத்தில் சோம்பல் கூடாது. 1959-ஆம் ஆண்டின் திறந்தவெளி இடங்கள் உருக்குலைப்புத் தடுப்புச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. சுவர் யாருடையதோ அவர் கையெழுத்து எழுத்தில் வேண்டும். மேம்பாலத் தூண் மாநகராட்சியுடையது என்று நினைத்துக்கொண்டு போனால் அது நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருக்கும். கோயில் மதிலை விட்டுவிடுவதே நல்லது.

உள்ளாட்சி அமைப்புகளுக்கு எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். அடுத்த சுவரோவிய டெண்டரில் மொத்தத் தொகையைப் பத்துப் பங்காக்கி, மூன்று பங்கைப் பலகைக்கும் நோட்டுக்கும் கேட்கிறவர் கூலிக்கும், ஒரு பங்கைத் திறப்பு விழாவுக்குப் பிந்தைய இரண்டு ஆண்டுப் பராமரிப்புக்கும் என்று தனி வரிகளாகக் காட்டுங்கள். மீதி ஆறு பங்குக்குப் படத்தின் அளவு கொஞ்சம் குறையும். மயிலுக்குத் தோகை சிறிதானால் பரவாயில்லை. பராமரிப்பு வரியில் எழுத வேண்டியவை இவைதாம்: ஆண்டுக்கொரு முறை பலகைக்கு ஒரு கோட்டுக் கறுப்பு, மாதம் பத்துப் பெட்டி சாக்பீஸ், ஒரு வாளி, இரண்டு துடைப்புத் துணி, அதைத் துடைக்கிற ஆளின் பெயர்.

இப்படிக்கு,
சுவரோவியத் தொழிலில் உள்ளவர்கள் சிலர்,
சென்னை.